சன்னி சி.வி.டி-யா, மைக்ரா டீசலா? பழைய நிசான் வண்டி பற்றி ஒரு நீண்ட இழை

கேள்வி, திருவொற்றியூரிலிருந்து. 9 ஆகஸ்ட் 2025

நிசான்னு சொன்னாலே ரெண்டு கட்சி ஆயிடுது. ஒருத்தர் "ஜப்பான்காரன் வண்டி, ஆயிலை மட்டும் மாத்து, அது பாட்டுக்கு ஓடும்"ங்கறார். இன்னொருத்தர் "கியர்பாக்ஸ் போச்சுன்னா வண்டி விலைக்கே பில் வரும், கிட்ட போகாத"ங்கறார். பார்த்து வச்சிருக்கிறது ரெண்டு: 2013 சன்னி பெட்ரோல், சி.வி.டி-ங்கற ஆட்டோமேட்டிக் கியர், 78,000 கிலோமீட்டர். 2014 மைக்ரா டீசல், 1,10,000. தினமும் திருவொற்றியூர்ல இருந்து பாரிமுனை போய் வரணும். ஜப்பான் கம்பெனி கியர்பாக்ஸ் அவ்வளவு சீக்கிரம் கெடாதுன்னு நான் நினைக்கிறேன். சரியா அண்ணே?

பதில். 9 ஆகஸ்ட், இரவு

தப்பு. நிசான்ல கெட்டுப்போறதுன்னு ஒண்ணு இருந்தா அது கியர்பாக்ஸ்தான், அதுவும் சி.வி.டி. அமெரிக்காவுல இதே வகை கியர்பாக்ஸ் பெட்டிக்கு வாரண்டியை நீட்டிக் கொடுக்க வேண்டி வந்தது. மைக்ரா டீசலை எடு. லிட்டருக்கு நல்ல தூரம் வரும், மேனுவல் கியர், உதிரிபாகம் தாராளம். பாரிமுனைக்குத் தினமும்னா 2021-லயே விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ வந்தாச்சு, அதையும் ஒரு தடவை யோசி.

10 ஆகஸ்ட்

நேத்து அவசரமா எழுதிட்டேன். "நிசான் நல்லதா கெட்டதா"ங்கற கேள்வியே சரியில்ல, ஏன்னா நம்ம ஊர்ல அந்தப் பேர் ஒட்டி வந்த வண்டிகள் ஒரே குடும்பம் கிடையாது.

கம்பெனி பழசு. 1914-ல டாட்னு ஒரு கார். பணம் போட்ட டென், அவோயாமா, டாகேயுச்சி மூணு பேரோட முதல் எழுத்துதான் டாட். 1931-ல ஒரு சின்ன கார் செஞ்சு, டாட்டோட மகன்ங்கற அர்த்தத்துல டாட்சன்னு வச்சாங்க. ஜப்பான் மொழியில 'சன்' உச்சரிப்புக்கு நஷ்டம்னும் அர்த்தம் வருமாம். உடனே சூரியனைக் குறிக்கிற எழுத்துக்கு மாத்திட்டாங்க. நம்மாளுங்க நியூமராலஜி பார்த்து ஒரு 'ஏ' சேர்க்கிற மாதிரிதான். 1933 டிசம்பர்ல யோகோஹாமாவுல அயுகாவா யோஷிசுகே ஆரம்பிச்ச கம்பெனிக்கு 1934-ல நிசான்னு பேர் வந்தது. நிஹோன் சாங்யோங்கற தாய்க் கம்பெனியை ஷேர் மார்க்கெட்ல சுருக்கிக் கூப்பிட்ட பேர் அது. 1966-ல பிரின்ஸ் கம்பெனி இதுல சேர்ந்தது, ஸ்கைலைன் கார் அப்படித்தான் நிசான் வீட்டுப் பிள்ளை ஆச்சு.

1999 மார்ச்சுல கடன் கழுத்து வரைக்கும் ஏறி, பிரெஞ்சு ரெனோ 36.8 சதவீதப் பங்கு வாங்கினதும் கதை மாறுது. ரெனோ அனுப்பின கார்லோஸ் கோஸ்ன் வந்து தொழிற்சாலைகளை மூடிச் செலவைக் குறைச்சார். அப்புறம் எஞ்சின், அடித்தளம் எல்லாம் ரெண்டு கம்பெனிக்கும் பொது. ஒரகடம் தொழிற்சாலை 2010-ல திறந்தது அந்தக் கூட்டுலதான். அதனால நீ பார்க்கிற மைக்ராவோட டீசல் எஞ்சின் ஜப்பான் சரக்கு இல்ல. ரெனோவோட கே9கே, 1461 சி.சி. சன்னியோட பெட்ரோல் எஞ்சின்தான் நிசானோட சொந்தச் சரக்கு, எச்.ஆர்.15, 1498 சி.சி, 99 பி.எஸ். 'ஜப்பான்காரன் எஞ்சின்'னு நம்பி டீசலை வாங்கறவங்க பிரெஞ்சுக்காரன் எஞ்சினை வாங்கறாங்க. அது கெட்ட எஞ்சின்னு சொல்ல வரல, கவனிக்க வேண்டிய இடம் வேறங்கறேன்.

10 ஆகஸ்ட், கொஞ்ச நேரம் கழிச்சு

ஒண்ணு விட்டுப்போச்சு. ரெனோ பல்ஸ் வேற ஒண்ணுமில்ல, முகத்தை மாத்தின மைக்ரா. ஸ்காலா, முகத்தை மாத்தின சன்னி. டெரானோ, முகத்தை மாத்தின டஸ்டர். கடையில நிசான் பேர் சொல்லி இல்லைன்னா ரெனோ பேர் சொல்லிக் கேளு. கே9கே-க்கு டஸ்டர், வெரிட்டோ பேர் சொன்னாலும் பாதி சாமான் கிடைக்கும். ஜி.பி. ரோட்டுல புதுசு, புதுப்பேட்டையில பழசு. ஒரே சாமான்தான், டப்பா மட்டும் வேற.

13 ஆகஸ்ட்

டீசல் எடுக்கறதா இருந்தா முதல் கேள்வி டைமிங் பெல்ட், வால்வையும் பிஸ்டனையும் ஒரே தாளத்துல ஓட வைக்கிற பெல்ட். கே9கே-க்குச் செயின் கிடையாது, பல் வச்ச ரப்பர் பெல்ட். அது அறுந்தா வால்வும் பிஸ்டனும் மோதிக்கும். வால்வு வளையும், ஹெட்டைக் கழட்டணும், ஒரு பழைய மைக்ராவுக்கு அந்தச் செலவு தாங்காது. 1,10,000 ஓடின வண்டியில பெல்ட் மாத்தின பில் இல்லைன்னா மாத்தவே இல்லைன்னு வச்சுக்கோ. கிலோமீட்டர் மட்டும் கணக்கு இல்ல, வருஷமும் கணக்கு. வீட்டுல சும்மா நின்ன வண்டியோட பெல்ட்டும் காய்ஞ்சு வெடிக்கும்.

மாத்தும்போது பெல்ட் மட்டும் போதாது. பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர் சேர்ந்த முழு கிட், கூடவே வாட்டர் பம்ப். இந்த எஞ்சின்ல பம்பைச் சுத்தறதும் அதே பெல்ட்தான். பழைய பம்ப்போட பேரிங் இறுகினா புது பெல்ட்டையும் தின்னுடும். பிஸ்டனோட சேர்ந்த கிராங்குக்கும் வால்வைத் திறக்கிற கேமுக்கும் பூட்டுப் பின் போட்டு நிறுத்தி வேலை செய்யற மெக்கானிக்கா பார். சுண்ணாம்புல கோடு போட்டு "அப்படியே வச்சுடலாம் சார்"ங்கற ஆள் வேண்டாம். முடிச்சதும் எஞ்சினைக் கையால ரெண்டு முழுச் சுத்து சுத்திப் பார்த்து, அந்தப் பூட்டுப் பின் திரும்ப அதே ஓட்டையில இறங்குதான்னு உறுதி பண்ணணும். அதுக்கப்புறம்தான் சாவி.

ரெண்டாவது, டீசலைப் பீச்சற இன்ஜெக்டர் அடியில இருக்கிற செம்பு வாஷர். அது கசிஞ்சா 'சுக் சுக்'னு சத்தம் வரும், இன்ஜெக்டரைச் சுத்தித் தார் மாதிரி கறுப்பா கெட்டியாகும். எஞ்சின் மேல் மூடியைத் தூக்கி டார்ச் அடிச்சாலே தெரியும். வாஷர் சில்லறைக் காசு. ஆனா இறுகிப்போன இன்ஜெக்டரைக் கழட்டறப்போ உடைஞ்சா அது சில்லறை இல்ல.

ஆயில் 10,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை, இல்லன்னா வருஷத்துக்கு ஒரு தடவை. அதுக்கு மேல இழுத்த வண்டிகள்லதான் கனெக்டிங் ராட் பேரிங் தேய்ஞ்சு எஞ்சின் தட்டும்.

14 ஆகஸ்ட்

முதல் நாள் எழுதினதைத் திரும்பப் படிச்சேன். அதுல ஓட்டை இருக்கு. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர், அதுவும் டோல்கேட்ல இருந்து ராயபுரம் வரைக்கும் கண்டெய்னர் லாரி பின்னாடி ஊர்ந்து போற தினசரி ஓட்டம் டீசலுக்கு ஆகாது. எஞ்சின் சூடேறவே பாதி வழி போயிடும். குறைஞ்ச சுத்துல ஓடறப்போ புகையில ஒரு பங்கைத் திரும்ப எஞ்சினுக்குள்ள விடற இ.ஜி.ஆர் வால்வுலயும் காத்து போற குழாய்லயும் கரி படியும். இழுவை குறையும், கறும்புகை வரும், கடைசியில எஞ்சின் லைட் எரியும். வாரம் ஒரு தடவை வண்டலூர்-மீஞ்சூர் வெளிவட்டச் சாலையில அரைமணி நேரம் மூவாயிரம் சுத்துல ஓட்டறவங்களுக்கு இது வராது. நீ அப்படி ஓட்டப்போறதில்ல.

அதனால என் பேச்சை மாத்திக்கிறேன்: டீசல் வேண்டாம். சன்னியும் சி.வி.டி வேண்டாம். மூணாவது வழி இருக்கு, சன்னி பெட்ரோல் மேனுவல். எஞ்சின்ல செயின், அஞ்சு கியர், 490 லிட்டர் டிக்கி. பின் சீட்டுல கால் நீட்டி உட்காரலாம். இந்த இழையில யாரும் சண்டைக்கு வராத ஒரே வண்டி அதுதான். அழகா இருக்குன்னு மட்டும் யாரும் சொல்ல மாட்டாங்க.

கேட்டவர். 15 ஆகஸ்ட்

அண்ணே, சொல்ல மறந்துட்டேன். ஓட்டப்போறது அப்பா. இடது முழங்கால்ல தேய்மானம், கிளட்ச் மிதிக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். மைக்ராவை நான் ஓட்டலாம்னு பார்த்தேன்.

15 ஆகஸ்ட், இரவு

இதை முதல் வரியிலயே சொல்லியிருந்தா ஒரு வாரம் மிச்சம் தம்பி. அப்போ மேனுவல் கதையே முடிஞ்சது. அந்த சி.வி.டி-யைத்தான் ஒழுங்கா சோதிக்கணும். நான் பயமுறுத்தின அளவுக்கு அது பேய் இல்ல, ஆனா கண்ணை மூடிக்கிட்டு வாங்கற சாமானும் இல்ல.

17 ஆகஸ்ட்

சன்னியில இருக்கிறது ஜாட்கோ செஞ்ச ஜே.எப்.015இ பெட்டி. கூம்பு மாதிரி ரெண்டு புல்லி, நடுவுல இரும்புத் துண்டுகளைக் கோர்த்த பெல்ட். புல்லி விரியறதும் சுருங்கறதும்தான் கியர் மாத்தம். கூடவே ரெண்டு வேகம் கொண்ட சின்ன பிளானட்டரி கியர் ஒண்ணு. பெல்ட் வழுக்காம இருக்க ஆயில் அழுத்தம் வேணும். ஆயில் கெட்டாலோ சூட்டுல நீர்த்துப்போனாலோ அழுத்தம் இறங்கும், பெல்ட் வழுக்கும், புல்லி முகத்துல கீறல் விழும். கீறல் விழுந்தா திரும்பி வராது. அதோட ரகசியமே அவ்வளவுதான்.

வண்டி பார்க்கப் போறப்போ "நான் வர்றதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணாதீங்க"ன்னு சொல்லிட்டுப் போ. போனதும் பானெட்டைத் தொட்டுப் பார். சூடா இருந்தா அப்பவே ஒரு சந்தேகப் புள்ளி. ஸ்டார்ட் பண்ணி ஐடில் (வண்டி நிக்கிறப்போ எஞ்சின் ஓடற சுத்து) இறங்கினதும் பிரேக்கை மிதிச்சு பி-யிலிருந்து (பார்க்) ஆர் (ரிவர்ஸ்), ஆர்-லிருந்து டி (டிரைவ்). ஒவ்வொண்ணும் ஒரு நொடிக்குள்ள பிடிக்கணும். இடிச்சுப் பிடிச்சாலோ, காத்திருந்து பிடிச்சாலோ கேள்வி கேளு.

அப்புறம் சமதளத்துல 20-லிருந்து 40 கிலோமீட்டர் வேகத்துக்கு ஆக்சிலரேட்டரைப் பூ மாதிரி அழுத்து. வரி வரியா போட்ட ஸ்பீட் பிரேக்கர் மேல ஓடற மாதிரி அதிர்ந்தா அது பெட்டியோட அதிர்வு. "எஞ்சின் மவுண்ட் சார், சின்ன வேலை"ன்னு ப்ரோக்கர் சொல்வார். மவுண்ட் கெட்டிருந்தா சிக்னல்ல பிரேக்கை மிதிச்சு டி-யில நிக்கிறப்பவும் அதிரும். பெட்டி கெட்டிருந்தா நிக்கிறப்போ அமைதியா இருக்கும், நகர்றப்போ மட்டும் அதிரும்.

அடுத்தது மேம்பாலம். மின்ட் மேம்பாலம் போதும். ஏர்றப்போ சுத்து முள் மேல போகுது, வண்டி அந்த அளவுக்கு வேகம் எடுக்கலைன்னா கவனி. சி.வி.டி-யில சுத்து ஏறி ஒரே இடத்துல நின்னு கத்தறது இயல்பு. சுத்து திடீர்னு எகிறி இறங்கறது வழுக்கல்.

இதெல்லாம் குளிர்ந்த பெட்டியில பாஸ் ஆயிடும். அரைமணி நேரம் ஏ.சி போட்டு ஓட்டி, சூட்டுல எல்லாத்தையும் மறுபடி பண்ணு. பாதிப் பேர் ஏமாறறது இங்கதான், பத்து நிமிஷம் ஓட்டிட்டு அட்வான்ஸ் கொடுத்துடுவாங்க. கடைசியா ஸ்கேனர், வண்டி கம்ப்யூட்டர் பதிஞ்சு வச்ச பிழை எண்ணை, அதாவது கோடை, படிக்கிற கருவி. பி0746, பி0776 ரெண்டும் அழுத்தக் குறை கோடு. அதுல எது இருந்தாலும், இப்பதான் யாரோ அழிச்ச தடம் தெரிஞ்சாலும், நன்றி சொல்லிட்டு வந்துடு.

18 ஆகஸ்ட்

ஆயில் என்.எஸ்-3. வேற எதுவும் இல்ல. சாதாரண ஆட்டோமேட்டிக் கியர் ஆயில் (ஏ.டி.எப்) ஊத்தினா அந்த இரும்பு பெல்ட்டுக்கு வேண்டிய பிடிமானம் கிடைக்காது. "எல்லாம் ஒண்ணுதான் சார், சிவப்பா இருக்கும்"னு சொல்ற கடையிலிருந்து வெளிய வந்துடு.

ஒரு தடவை வடிச்சா ஏறக்குறைய பாதிதான் வெளிய வரும், சுமார் மூன்றரை லிட்டர். மிச்சம் டார்க் கன்வெர்ட்டர்லயும் கூலர்லயும் தங்கும். அதனால சரித்திரம் தெரியாத வண்டிக்கு வடிச்சு ஊத்தி, ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டி, மறுபடி வடிச்சு ஊத்தறது நல்லது. வடிஞ்சதை அளவு ஜாடியில பிடி. எவ்வளவு வந்ததோ அவ்வளவை உள்ளே விட்டு, அப்புறம் எஞ்சினை ஓட்டி, சூடு சரியா இருக்கிறப்போ அளவைச் சரி பார்க்கணும். கூட ஊத்தினாலும் நுரைக்கும், குறைச்சாலும் காத்து இழுக்கும். ரெண்டுலயும் அழுத்தம்தான் போகும்.

'வாழ்நாள் ஆயில், மாத்தவே வேண்டாம்'னு ஒரு பேச்சு உண்டு. யாரோட வாழ்நாள்னு கேளு. நம்ம ஊர் வெயில்லயும் நெரிசல்லயும் 40,000-க்கு ஒரு தடவை மாத்து.

18 ஆகஸ்ட், பிற்சேர்க்கை

சி.வி.டி வண்டி நின்னுபோனா கயிறு கட்டி இழுக்கக் கூடாது. முன் சக்கரம் தரையில உருள்றப்போ எஞ்சின் ஓடலைன்னா ஆயில் பம்ப் ஓடாது, புல்லி காய்ஞ்சு சுத்தும். நல்ல பெட்டி ரெண்டு கிலோமீட்டர்ல நாசமாகும். முன் சக்கரத்தைத் தூக்கி இழுக்கிற வண்டி, இல்லன்னா முழுசா மேல ஏத்திக்கிட்டுப் போற வண்டி. ரெண்டுல ஒண்ணுதான்.

24 ஆகஸ்ட்

மேல சொன்னதுக்கும் வெள்ளத்துக்கும் தொடர்பு இருக்கு. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் மழையில எண்ணூர், மணலி பக்கம் நின்னது வெறும் தண்ணி இல்ல, எண்ணெய்க் கழிவும் கலந்த தண்ணி. வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையை யாருக்கும் புதுசா சொல்ல வேண்டாம். முங்கின வண்டிகளைக் கயிறு கட்டி இழுத்துத்தான் கரையேத்தினாங்க. அதுல ஆட்டோமேட்டிக்கும் இருந்திருக்கும். அந்த வண்டிகள் பாலிஷ் போட்டு இப்ப எங்கயோ விக்கிற வரிசையில நிக்குது.

எப்படிக் கண்டுபிடிக்கிறது: சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழு. உள்ளே சுருண்டிருந்த கடைசி ஒரு முழத்துல சேறு கோடு தெரியும், அதை யாரும் துவைக்க மாட்டாங்க. மோந்து பார், எண்ணெய்த் தண்ணி நாத்தம் லேசுல போகாது. ஸ்டெப்னியைத் தூக்கி அடிப்பள்ளத்தைப் பார். டிரைவர் சீட்டுக்கு அடியில, சீட் நகர்ற தண்டவாளத்தோட போல்ட்டுல துரு இருக்கா பார், அந்த இடத்துக்கு மழைத்தண்ணி வர வழியே இல்ல. கார்ப்பெட் ஓரத்தைக் கிளப்பி அடியில இருக்கிற பஞ்சைக் கிள்ளிப் பார். பெட்டிக்குக் காத்து போற மூச்சுக்குழாய் வழியா தண்ணி இறங்கியிருந்தா ஆயில் பால் கலந்த மாதிரி இருக்கும். அதுக்கு மேல பேச்சே வேண்டாம்.

26 ஆகஸ்ட்

வெள்ளம் வருஷத்துக்கு ஒரு தடவை, உப்பு தினமும். காசிமேட்டு மீன் லோடு வண்டியிலிருந்து ஐஸ் உருகி வழியற உப்புத்தண்ணி ரோட்டுல தேங்கும், உன் வண்டியோட அடிவயிறு அதைத் துடைச்சுக்கிட்டே போகும். முதல்ல பிடிக்கிறது சைலன்சர் இணைப்பு, அப்புறம் முன் சப்ஃப்ரேமோட வெல்டிங் ஓரம், அப்புறம் பின் சக்கரத்துக்குப் போற பிரேக் பைப். பைப்பை விரல் வச்சுத் தடவிப் பார். மேல பொரிப்பொரியா இருந்தா மாத்து, மொழுமொழுன்னு இருந்தா விடு. ஏ.சி கண்டென்சர் தகடுகளும் பொடியா உதிரும். பம்பர் இடுக்கு வழியா டார்ச் அடிச்சுப் பார்.

பேட்டரியிலிருந்து பாடிக்குப் போற எர்த் ஒயர்ல பச்சை பூத்திருந்தா விதவிதமான பொய்க் கோடு வரும், கியர்பாக்ஸ் கோடு உட்பட. பத்து நிமிஷம் தேய்ச்சுச் சுத்தம் பண்ணிட்டு அப்புறம் பெட்டியைக் குறை சொல்லு. 17-ந் தேதி எழுதினதுல இதைச் சேர்த்துப் படிச்சுக்கோ. ஸ்கேனர்ல கோடு வந்த உடனே ஓடிடாத, முதல்ல எர்த்.

இன்னொருவர் கேள்வி, கொருக்குப்பேட்டையிலிருந்து. 2 செப்டம்பர்

மைக்ரா பெட்ரோல். பேட்டரி மாத்தி, எஞ்சினுக்குக் காத்து விடற த்ராட்டில் பாடியையும் துடைச்சாங்க. அதுலேர்ந்து ஐடில் 1,500-ல நிக்குது. சென்சார் போச்சுங்கறாங்க.

2 செப்டம்பர், இரவு

சென்சார் போகல. காத்துக்கணக்கை அது மறந்துடுச்சு. எச்.ஆர் எஞ்சின்ல அழுக்கோட இருந்த த்ராட்டிலுக்கு ஏத்த மாதிரி கம்ப்யூட்டர் திறப்பு அளவைப் பழகி வச்சிருக்கும். துடைச்சதும் காத்து அதிகமா போகும், அதுக்குப் பழைய கணக்கே. புதுசா சொல்லிக் கொடுக்கணும். ஸ்கேனர் இல்லாமலும் ஆகும், ஆனா வாட்ச் வேணும்.

எஞ்சினை நல்லா சூடாக்கு. ஏ.சி, விளக்கு, ஃபேன் எல்லாம் அணை. ஸ்டீயரிங் நேரா. மேனுவல்னா நியூட்ரல், சி.வி.டி-ன்னா பி. எஞ்சினை அணைச்சு பத்து நொடி விடு. காலை ஆக்சிலரேட்டர்ல வைக்காம சாவியை ஆன்ல போடு, ஸ்டார்ட் வேண்டாம். மூணு நொடி எண்ணு. அடுத்த அஞ்சு நொடிக்குள்ள ஆக்சிலரேட்டரை அடி வரைக்கும் அஞ்சு தடவை மிதிச்சு விடு. ஏழு நொடி சும்மா இரு. இப்ப முழுசா மிதிச்சு அப்படியே பிடி. எஞ்சின் லைட் முதல்ல சிமிட்டும், மிதிச்சதுலேர்ந்து இருபது நொடி சுமாருக்கு நிலையா எரியும். எரிஞ்ச மூணு நொடிக்குள்ள காலை எடு. உடனே ஸ்டார்ட் பண்ணி, எதையும் தொடாம இருபது நொடி விடு. ஐடில் இறங்கி உட்காரும்.

முதல் தடவையே சரியா வராது. ஒரு நொடி தப்பினாலும் மறுபடி முதல்லேர்ந்து. நாலு தடவை தாளம் சரியா போட்டும் இறங்கலைன்னா த்ராட்டில் கேஸ்கட்ல காத்து கசியுதான்னு பார், அப்புறம்தான் சென்சார் பேச்சு.

7 செப்டம்பர்

கிளைக்கதை. 10-ந் தேதி குறிப்புல கதை 1966-லிருந்து நேரா 1999-க்குத் தாவிடுச்சு. எண்ணூர்ல இருந்து ஒருத்தர் "ஜோங்கா என்ன, ஆகாசத்துலேர்ந்து விழுந்ததா"ன்னு கேட்டிருக்கார். ஒத்துக்கறேன். நம்ம ராணுவத்துக்காக ஜபல்பூர்ல வருஷக்கணக்கா செஞ்ச ஜோங்கா, நிசான் பேட்ரோல் 60-தான். ஆறு சிலிண்டர், நாலு லிட்டர் பெட்ரோல் எஞ்சின், மலையும் ஏறும், டேங்கையும் காலி பண்ணும். 1980-கள்ல வந்த பிரீமியர் 118 என்.இ-க்குள்ள இருந்தது நிசான் ஏ12 எஞ்சின், மேல ஃபியட் 124 உடம்பு. ஆல்வின் நிசான் லாரி ஹைதராபாத் பக்கம்.

நம்ம கதவுக்கே வந்த ஒண்ணையும் சொல்லாம விட்டா எண்ணூர்க்காரங்க சும்மா விட மாட்டாங்க. அசோக் லேலண்டும் நிசானும் கூட்டு வச்சு 2011-ல இறக்கினதுதான் தோஸ்த். குட்டி யானையைவிடக் கொஞ்சம் பெரிய சைஸ், ஒண்ணேகால் டன். நிசான் இவாலியாவுக்கு லேலண்ட் பேட்ஜ் ஒட்டி ஸ்டைல்னு ஒரு வேனும் வந்தது, ஓடல. 2016-ல கூட்டு பிரிஞ்சது, தோஸ்த் லேலண்டோட நின்னுடுச்சு. காசிமேட்டுல மீன் ஏத்தற தோஸ்த்துல பாதி பேருக்கு அதுல ஜப்பான் ரத்தம் ஓடுதுன்னு தெரியாது.

இன்னொரு வேடிக்கை. 2010-லயே ஒரகடத்து மைக்ரா எண்ணூர் துறைமுகத்துலதான் கப்பல் ஏற ஆரம்பிச்சது. அப்போ அதுக்குக் காமராஜர் துறைமுகம்னு பேர் வைக்கல, அது 2014-ல. 2022-ல நிசானோட இந்திய ஏற்றுமதி பத்து லட்சத்தைத் தாண்டுச்சு. புது வண்டி நம்ம ஊர் வழியா வெளிநாட்டுக்குப் போகும், பழசு நம்ம தெருவுக்கு வரும்.

9 செப்டம்பர்

டாட்சன் கோ (நிசானோட விலை குறைஞ்ச கார்) வாங்கலாமான்னு கேட்டவருக்கு: வேண்டாம். எஞ்சின் மைக்ராவோட அதே 1.2, அதுல குறையில்ல. 2014-ல குளோபல் என்கேப் மோதல் சோதனையில பூஜ்ஜிய நட்சத்திரம், உடம்பே நிலையில்லைன்னு தீர்ப்பு. அதைச் சந்தையிலிருந்து எடுக்கச் சொல்லி அமைப்போட தலைவர் மேக்ஸ் மோஸ்லி கோஸ்னுக்கே கடிதம் எழுதினார். அப்புறம் ஏர்பேக், ஏ.பி.எஸ் எல்லாம் சேர்த்தாங்க. 2022-ல டாட்சன் பேரையே மூடிட்டாங்க. உதிரிபாகம் மைக்ரா புண்ணியத்துல ஓடும், ஆனா பாடி பேனலுக்குப் புதுப்பேட்டையில தேடணும்.

நிசானோட மேக்னைட் 2020 டிசம்பர்ல வந்தது. 205 மி.மீ கிளியரன்ஸ், மணலி எக்ஸ்பிரஸ் ரோட்டுப் பள்ளத்துக்கு அதுவே ஒரு தகுதி. டர்போ இல்லாத 72 பி.எஸ் எஞ்சின் அஞ்சு பேரை ஏத்திக்கிட்டு ஏ.சி போட்டா மூச்சு வாங்கும். டர்போ 100 பி.எஸ் நல்லா இழுக்கும், ஆனா அணைக்கிறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் ஐடில்ல விடற பழக்கமும், சரியான கிரேடு ஆயிலும் வேணும்.

14 செப்டம்பர்

"கம்பெனியே இருக்குமா, சாமான் கிடைக்குமா"ன்னு ஒரு பயம் ஓடுது. 2018 நவம்பர்ல கோஸ்ன் கைதானார், 2019 கடைசியில பெட்டிக்குள்ள ஒளிஞ்சு ஜப்பானை விட்டுத் தப்பினார். ஹோண்டாவோட சேர்ற பேச்சு 2024 டிசம்பர்ல ஆரம்பிச்சு 2025 பிப்ரவரியில முறிஞ்சது. அடுத்த மாசமே ஒரகடத்துல தன்னோட 51 சதவீதப் பங்கை ரெனோவுக்குக் கொடுக்கறதா நிசான் அறிவிச்சது. மே மாசம் உலகம் முழுக்க 20,000 பேர் வேலைக் குறைப்பு.

ஆனா உன் சன்னிக்கு இதுல நேரடியா ஒண்ணும் இல்ல. எஞ்சின் சாமான் இன்னும் பல வருஷம் கிடைக்கும். தட்டுப்பாடு வரப்போறது ஹெட்லைட், பம்பர் கிளிப், கண்ணாடி மோட்டார் மாதிரி உடம்பு சாமானுக்குத்தான். அதுக்கு ஸ்காலா பேர் எல்லா இடத்துலயும் உதவாது, முன்முகம் வேற.

பெட்ரோல் பத்தி ஒண்ணு. இப்ப பங்க்ல வர்றது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2013 வண்டி அதுக்காகச் செஞ்சது இல்ல. மைலேஜ் கொஞ்சம் குறையும். பெட்ரோல் ஹோஸ், இன்ஜெக்டர் ஓ-ரிங் இதையெல்லாம் சர்வீஸ் தோறும் மோந்து பார். மாசக்கணக்குல பாதி டேங்கோட நிறுத்தாத, எத்தனால் ஈரத்தை இழுக்கும்.

கேட்டவர். 21 செப்டம்பர்

அண்ணே, சன்னியைப் பார்த்தேன். சூட்டுலயும் ஓட்டிப் பார்த்தேன், அதிர்வு இல்ல. கோடு ஒண்ணும் இல்ல. சீட் பெல்ட் சுத்தம். பெட்டி ஆயில் மாத்தின பில் எங்கயும் இல்ல. ஓனர் சம்மதிச்சதால மெக்கானிக்கை வச்சு அடிச்சட்டியைக் கழட்டிட்டோம். காந்தத்துல கறுப்பா சாம்பல் பூசின மாதிரி இருக்கு. இரும்புத் தூள்தானே? விட்டுடலாமா?

21 செப்டம்பர், உடனே

விடாத. காந்தத்தை விரலால துடைச்சு, ரெண்டு விரல் நடுவுல தேய்ச்சுப் பார். விபூதி மாதிரி வழவழன்னு இருந்தா 78,000 ஓடின பெட்டிக்கு அது இயல்பான தேய்மானம். மணல் மாதிரி நறநறன்னு இருந்தாலோ, வெயில்ல காட்டினா மினுக்கற இழை இருந்தாலோ பெல்ட்டோ பேரிங்கோ உதிர்ந்துகிட்டு இருக்கு. அப்ப மட்டும் வெளிய வா. வடிச்ச ஆயிலையும் மோந்து பார். கறுத்திருந்தா பரவாயில்ல, கருகின வாடை இருந்தா யோசி.

கேட்டவர். 21 செப்டம்பர்

வழவழன்னுதான் இருக்கு. வாடை இல்ல.

21 செப்டம்பர்

அப்போ எடு. பில் இல்லைன்னு சொல்லி ரெண்டு தடவை ஆயில் மாத்தற காசை விலையில கழி.

சட்டியைத் திரும்ப மாட்டறதுக்கு முன்னாடி காந்தங்களைத் துடைச்சு அதே இடத்துல உட்கார வை, உள்ளே இருக்கிற வடிகட்டியையும் மாத்து. கூலர் பக்கம் இன்னொரு சின்ன ஃபில்டர் இருக்கும், அதைப் பல பேர் மறந்துடுவாங்க. கேஸ்கட் புதுசு போடு, பழசு மேல சிலிகான் பூச விடாத. பிசிறு உள்ளே விழுந்தா வடிகட்டியை அடைக்கும். சட்டி போல்ட் சின்னது, எட்டு நியூட்டன் மீட்டர் முறுக்குதான் தாங்கும். குறுக்குக் குறுக்கா இறுக்கச் சொல்லு. ஏர் கன்னைக் கையில எடுத்தார்னா தடுத்துடு, அலுமினியத்துல மரை போச்சுன்னா ஆயில் சொட்டறது நிக்காது.

அப்பாகிட்ட ஒண்ணு சொல்லு: மின்ட் மேம்பாலத்துல டிராஃபிக் நின்னா ஆக்சிலரேட்டரை மெல்ல மிதிச்சே வண்டியை நிறுத்தி வைக்க வேண்டாம், பிரேக்கை மிதிக்கச் சொல்லு. வலது கால்தானே, முழங்காலுக்கு ஒண்ணும் ஆகாது.